உயிலுக்கு லேமினேஷன் போட்ட ஜெராக்ஸக்கா

வேன்காரர் படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. கடையைப் பூட்டிவிட்டு வந்த அவர் மனைவி ஜெராக்ஸக்கா கீழ்ப்படியில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"எப்போலேர்ந்து?"

"மத்தியானம் சாப்பிட்டதுலேர்ந்து."

அந்தப் படிக்கட்டில் காற்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஜன்னல் இல்லை, வெளிச்சம் இல்லை, லிஃப்ட் என்ற பேச்சே இல்லை. மூன்றாவது மாடியில் வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டன. சமதரையில் தடியோடு ராஜா மாதிரி நடப்பார். படி வந்தால் போச்சு. நல்ல கை தடியைப் பிடிக்குமா, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்குமா? அன்றைக்கு எப்படியோ துணிந்து இறங்கியிருக்கிறார். பாதியில் கால் ஒத்துழைக்கவில்லை. யாரையும் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவரை மேலே ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு ஜெராக்ஸக்கா சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டாள். இந்த மனுஷனைத் தரைக்குக் கொண்டு வராமல் ஓய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான். அது அவளுடைய பெருமையும் தொல்லையும்.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். தெரு முழுக்க அவள் ஜெராக்ஸக்கா. கூடப்பிறந்த தம்பியே அப்படித்தான் கூப்பிடுகிறான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கதவைவிடக் கொஞ்சமே அகலமான கடை. உள்ளே ஒரு நகல் மெஷின், பேப்பர் வெட்டும் கட்டர், லேமினேஷன் மெஷின். உலகத்தில் காகிதத்துக்கு இரண்டே எதிரிகள், ஒன்று தண்ணீர், இன்னொன்று மனிதர்களின் கை என்பது அவள் கொள்கை. வீட்டில் முக்கியமான காகிதம் எது இருந்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவாள். வேன்காரரின் மருந்துச் சீட்டுக்கே போட்டிருக்கிறாள். அடுத்த முறை போனபோது டாக்டர் அதில் எழுதப் பார்த்து, பேனா வழுக்கி, இவளை ஒரு பார்வை பார்த்தார்.

வீடு தேட ஆரம்பித்தாள். தரைத்தளமாக இருக்க வேண்டும், வாசலில் படி இருக்கக் கூடாது, கதவு அகலமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த வீடு கடைசியில் கிடைத்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடைய வீடு. ஊரே அவரைக் கணக்கு சார் என்றுதான் சொல்லும். மனைவி போன பிறகு அவர் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். வாசல் கதவைத் திறந்தால் கேட், கேட்டைத் திறந்தால் தெரு. நடுவில் ஒரு அங்குல உயரம்கூடக் கிடையாது. ஜெராக்ஸக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அந்தத் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

இந்த வீட்டை வாங்க வேண்டுமானால் மாடி வீட்டை விற்றாக வேண்டும். வேறு வழியில்லை. அதற்கும் ஆள் கிடைத்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி. புருஷனும் அவளுமாக வாடகை வீட்டில் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். "படி ஏறினா உடம்புக்கு நல்லதுதான் அக்கா" என்றாள். ஆக, நர்ஸ் மேலே ஏற வேண்டும், வேன்காரர் கீழே இறங்க வேண்டும், கணக்கு சார் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெட்டி நகரவில்லை என்றால் எதுவும் நகராது.

நகராத பெட்டி தன்னுடையதாக இருக்கும் என்று ஜெராக்ஸக்கா கனவிலும் நினைக்கவில்லை.

மாடி வீடு, காலமான மாமனார் பெயரில் இருந்தது. உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். வீடு மகனுக்கு இல்லை, மருமகளுக்கு. "என் பையன் நல்லவன். எவன் வந்து நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவான். மருமக அப்படியில்ல, படிக்காம ஒரு பேப்பரை மெஷின்லகூட வைக்கமாட்டா" என்பது அவர் சொன்ன காரணம். வேன்காரருக்கு இதில் துளி வருத்தமில்லை. ஆட்சேபணை இல்லை என்ற காகிதத்தை நீட்டியபோது, என்ன ஏது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அப்பா சொன்னதை நிரூபித்தார். நாத்தனாரும், "என் தம்பி தெருவுக்கு வந்தாப் போதும்" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவள் தேடிப் பிடித்த வக்கீலம்மா சின்ன வயசுக்காரர், ஆனால் பொறுமையானவர். "உயில் இருந்தா மட்டும் போதாதுக்கா. அது நிஜ உயில்தான்னு கோர்ட் சொல்லணும். அதுக்குப் பேர்தான் புரோபேட். அது கைக்கு வந்தாத்தான் நீங்க வீட்டை விக்க முடியும். எதிர்ப்பு யாரும் இல்ல, சீக்கிரம் வந்துடும். ஒரிஜினலைக் குடுங்க."

ஜெராக்ஸக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் உயில் பளபளத்தது. வக்கீலம்மா அதைத் திருப்பினார். வளைத்தார், வளையவில்லை.

"இதை யார் லேமினேட் பண்ணது?"

"நான்தான்." பாராட்டுக்குக் காத்திருக்கும் குரலில் சொன்னாள். "பின்னைப் புடுங்கிட்டு, ஓரம் மூலையெல்லாம் பிசிறா இருந்துச்சு, அதைக் கட்டர்ல நேரா வெட்டிட்டு, ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாப் போட்டேன். ஒரு குமிழி இருக்கா பாருங்க?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நகலாவது எடுத்து வச்சீங்களா?"

இல்லை. தான் இருக்கும்வரை அதன் நகல் உலகத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் போன மறுவாரமே லேமினேஷன் போட்டாயிற்று. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பவள் தன் வீட்டு உயிலுக்கு எடுக்கவில்லை.

விளக்கக் கடிதம் ஒன்றை இணைத்து வக்கீலம்மா மனுவைப் போட்டுப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தது. கோர்ட் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. பின் குத்திய ஓட்டை இருக்கிறது, பின் இல்லை. அப்படியானால் நடுவில் இன்னொரு பக்கம் இருந்ததா? கீழ் மூலை வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே என்ன இருந்தது? பிளாஸ்டிக்குக்கு அடியில் இருப்பது பேனா மையா, நகலா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நேரில் வரட்டும், இந்தக் காரியத்தைச் செய்தவரும் நேரில் வந்து சத்தியம் செய்து சொல்லட்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அன்று கடையில் ஜெராக்ஸக்கா யாருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பழைய விலைப்பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, லேமினேஷன் போட்டு, ஆறவைத்து, இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டி ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் வந்தது. எழுத்தும் அதோடு வந்தது. காகிதம் மொட்டையாக நின்றது. இன்னொன்றில் முயன்றாள், அதுவும் அப்படியே. தான் ஒட்டியது இவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எரிச்சல்பட்டாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு அலறல் கேட்டது. "அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், இனிமே அதைத் தொடாதீங்க!"

"தொடலை. வேஸ்ட் பேப்பர்லதான் பார்த்தேன். சரி, கெடுத்தது நான், சரி பண்றதும் நான்தான். அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க."

அடுத்து ரயில் பெட்டிகள் கழன்றுகொள்ளாமல் பார்க்க வேண்டியிருந்தது. கணக்கு சாரிடம் வேறொருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். நர்ஸ் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிக் கெடு வைத்திருந்தார். இந்த மாதிரி நேரத்தில் மூடி மறைப்பவர்கள் உண்டு, இன்றோ நாளையோ வந்துவிடும் என்று சமாளிப்பவர்கள் உண்டு. ஜெராக்ஸக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் கடைக்கு வரவழைத்தாள். கடையில் இருந்ததே ஒரு ஸ்டூல். கணக்கு சார் அதில் உட்கார்ந்தார், மற்றவர்கள் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். உயிலை நடுவில் வைத்து, தான் என்ன செய்தேன் என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். கணக்கு சார் அடக்கவில்லை.

"சிரிங்க சார், சிரிச்சு முடிச்சிட்டுக் கேளுங்க. நான் உங்க வீட்டுக்கு வாடகைக்கு வர்றேன். இந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வாடகைக்கு வரட்டும். புரோபேட் வந்த அன்னைக்கு ரெண்டு பத்திரத்தையும் ஒண்ணாப் பதிஞ்சிடலாம். நீங்க மகளோட போய் நிம்மதியா இருங்க."

"வரலைன்னா?" என்றார் கணக்கு சார். நியாயமான கேள்விதான்.

"வரலைன்னா நான் உங்க வீட்டைக் காலி பண்ணிடறேன். நீங்க யாருக்கு வேணா வித்துக்கலாம்."

வக்கீலம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "யோசிச்சுச் செய்யுங்கக்கா. ஒருவேளை கோர்ட் ஒத்துக்கலைன்னா நீங்க நடுத்தெருவுலதான் நிப்பீங்க."

"நடுத்தெருவுல நின்னாலும் அவர் தெருவுலதானே இருப்பார்? இப்ப அதுகூட இல்லையே."

கணக்கு சார் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். இருந்தது. அதற்கு மட்டும் ஜெராக்ஸக்கா மறக்காமல் நகல் எடுத்தாள்.

வேன்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, நர்ஸின் புருஷனும் அவன் நண்பர்களுமாகப் படிக்கட்டில் இறக்கினார்கள். "மெதுவா, திருப்பத்துல ஹாரன் அடிங்கப்பா" என்று அவர் கட்டளை போட்டுக்கொண்டே வந்தார். புது வீட்டுக்குள் தடியை ஊன்றி அறை அறையாக நடந்தார். முன்னறை ஜன்னலோரம் தன் நாற்காலியைப் போடச் சொன்னார். ஆனால் ஜெராக்ஸக்கா ஆசையோடு கேட்டைத் திறந்துவிட்டபோது, வாசலோடு நின்றுவிட்டார்.

"வாங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்."

"வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்?"

"இது இன்னும் நம்ம வீடு இல்லையே. கோர்ட் சொல்லட்டும், அப்புறம் போறேன்." குரலில் வழக்கமான கேலி இல்லை. "ஒருதரம் தெருவுல நடந்து பழகிட்டேன்னா, அப்புறம் வேற எங்கயாவது மாடியில கொண்டுபோய் உட்காரவச்சா என்னால தாங்க முடியாதும்மா."

மனிதர் தரைக்கு வந்துவிட்டார், தெருவுக்கு வரவில்லை. காலையில் அவள் கடைக்குப் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, மாலையில் வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தார். வாசல் திறந்தேதான் கிடந்தது. இதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்மேல் இல்லை, தன் கட்டர்மேல்.

சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் பழைய கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்த எலக்ட்ரீஷியன். தண்ணீர் மோட்டார் புகைந்துபோன விவகாரத்தில் மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு, வீட்டையே காலி செய்துவிட்டுப் போனவர். விசாரித்து விசாரித்து, ஊரின் அடுத்த கோடியில், பாதி கட்டி முடித்த ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, நான் ஜெராக்ஸக்கா. மாமனார் உயில் விஷயமா..."

"செத்தும் அந்த ஆள் என்னை விடமாட்டாரா?" என்று மேலிருந்தே குரல் வந்தது. ஒயரை இழுத்தார், டேப் சுற்றினார், இவள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பேச வேண்டாம்ணே. ஏணி ஆடுது. நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். அவர் வேலையை முடித்தார். இறங்க ஒரு கால் வைத்தார். கீழே இவள் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். நகரும் உத்தேசம் தெரியவில்லை. மறுபடி மேலே ஏறி, சரியாக இருந்த ஒயரை இன்னொரு முறை சரிசெய்தார். பெயின்ட் அடிப்பவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தள்ளும்மா, இறங்கணும்."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தாண்ணே மேலே மாட்டிக்கிட்டு இருந்தார், ரொம்ப நாளா."

"வேன்காரருக்கா? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே, அவர் ஏணியில் பாதிவரை இறங்கி உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு, "என் பொண்ணுக்கு ஜுரம் வந்தப்போ வேனைத் திருப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினவர்" என்றார். "சரி, நான் என்ன சொல்லணும்? ரெண்டு பக்கம்தான்னு சொல்லணுமா? சொல்லிடறேன்."

"நான் சொல்றதைச் சொல்லாதீங்க. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. எனக்குப் பாதகமா இருந்தாலும் சரி."

அவர் என்ன பார்த்தார் என்று கேட்காமலே திரும்பி வந்தாள்.

கோர்ட் உடனே கூப்பிட்டுவிடவில்லை. ஒருமுறை நீதிபதி விடுப்பு. ஒருமுறை வக்கீல்கள் போராட்டம். ஒருமுறை ஃபைலையே காணோம், தேடினால் வேறு யாருடைய விவாகரத்துக் கட்டுக்குள்ளோ இருந்தது. ஒவ்வொரு முறையும் கடைக் கதவில் 'கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டுப் போவாள். "என்னக்கா, அடிக்கடி போறீங்க, வக்கீல் ஆயிட்டீங்களா?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். "ஆமா, உங்க பரீட்சை கேஸை நான்தான் நடத்தப் போறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். கணக்கு சாரிடமிருந்து போன் வரும். நர்ஸிடமிருந்து வரும். இரண்டு பேருக்கும் இருக்கிற நிலவரத்தை அப்படியே சொல்வாள், கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். எலக்ட்ரீஷியனும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியில் விசாரணை நடந்தது. முதலில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"எதுக்கும்மா இதைப் பண்ணீங்க?" என்றார் நீதிபதி.

"அவர் எழுதின கடைசிப் பேப்பர் ஐயா. நனையக் கூடாது, கிழியக் கூடாதுன்னு நினைச்சேன். மூலையை வெட்டினதும் நான்தான். அங்க என்ன இருந்துச்சுன்னு பார்க்காம வெட்டினேன். தப்புதான்."

அடுத்து எலக்ட்ரீஷியன். மோட்டார் விவகாரத்திலிருந்து ஆரம்பித்தார், வேண்டாம் என்று நிறுத்தினார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார். "பெரியவர் சந்தேகப் பிராணிங்க. நடுவுல எவனாவது பக்கத்தைச் சொருகிடுவான்னு, கடைசியில போட்ட கையெழுத்து பத்தாதுன்னு, ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ் மூலையில என்னைச் சின்னதாப் போடச் சொன்னார். ரெண்டு தடவை போட்டேன். ரெண்டே தடவைதான். மூணாவது பக்கம் இருந்திருந்தா அந்த ஆள் என்னை விட்டிருப்பாரா?"

நீதிபதி இரண்டு பக்கங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெட்டிய விளிம்பில், இரண்டிலும், ஒரு கையெழுத்தின் வால் மட்டும் மிச்சமிருந்தது. எலக்ட்ரீஷியனை வெள்ளைத் தாளில் அதே மாதிரி போட்டுக் காட்டச் சொன்னார். போட்டார். கடைசிச் சுழிப்பில் வால் அப்படியே வந்தது. உத்தரவு பிறகு என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் 'பிறகு' எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸக்கா கடையைத் திறந்தாள், வேலையைப் பார்த்தாள். ஒருநாள் பரீட்சை விண்ணப்பக் கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. போன் அடித்ததையே அவள் கவனிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் வக்கீலம்மாவிடமிருந்து ஏகப்பட்ட அழைப்புகள். உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"எங்கக்கா போனீங்க? உத்தரவு வந்துடுச்சு! புரோபேட் கொடுத்துட்டாங்க. உங்க போன்தான் எடுக்கவே இல்லையே, அதான் அப்பவே உங்க வீட்டுக்காரருக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

கதவைப் பூட்டினாளா இல்லையா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு ஓடினாள். வாசல் திறந்து கிடந்தது. கேட் திறந்து கிடந்தது. ஜன்னலோரம் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறையில் பார்த்தாள், குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தடியைக் காணோம். செருப்பையும் காணோம்.

தெருவுக்கு வந்தாள். இஸ்திரி போடுபவர் வண்டியிலிருந்து தலையைத் தூக்கி, "யாரைத் தேடறீங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரை. எங்க போனார்னே தெரியலைங்க."

"தடி ஊனிட்டுப் போனாரே, அவரா? அந்தப் பக்கம் போன மாதிரி இருந்துச்சு."

முடிவெட்டும் கடையில் எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடையில் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா? வீட்டுல காணோம்." திட்ட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் நடந்தாள். எவ்வளவு காலமாயிற்று இந்த மனுஷனைத் தேடி! காலையில் எங்கே வைத்தாளோ மாலையிலும் அங்கேயேதான் இருந்தார். இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

தெருத் திருப்பத்தில், தூரத்தில், பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. வேன்கள் வரிசையாக நின்றன. தடியை உயர்த்தி ஒரு டிரைவரைப் பின்னால் எடு, இன்னும் எடு என்று அதட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டியபடி, அவர் நின்றிருந்தார்.

ஜெராக்ஸக்கா அங்கேயே நின்றுவிட்டாள். எதிரே பையோடு வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாரைத் தேடறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரைத்தாம்மா" என்றாள் ஜெராக்ஸக்கா, அவரைப் பார்த்துக்கொண்டே. "சொல்லாம கொள்ளாம எங்கயோ போயிட்டார்."